அவையைப் பொறுத்து அடையாளம்: குடிபெயர்ந்தோர் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்?

"நீங்க எந்த ஊர்?"

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவரிடம் இந்தக் கேள்வியை ஐந்து பேர் கேட்டால் ஐந்து பதில் வரும். தேக்கா சந்தையில் காய்கறிக் கடைக்காரர் கேட்டால், "பட்டுக்கோட்டைப் பக்கம், ஒரத்தநாடு." அலுவலகத்தில் சீன நண்பர் கேட்டால், "இந்தியா." அதே அலுவலகத்தில் டெல்லிக்காரர் கேட்டால், "தமிழ்நாடு." இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் டாக்சி ஓட்டுநர் கேட்டால், "தஞ்சாவூர்ண்ணே, ஆனா இங்க வந்து எட்டு வருஷம் ஆச்சு." விடுப்பில் ஊருக்குப் போகும்போது ரயிலில் எதிரே இருப்பவர் கேட்டால், "சிங்கப்பூர்ல இருக்கேன்."

ஐந்தும் உண்மைதான். கேட்டவருக்கு என்ன தெரியும், அவர் எதற்காகக் கேட்கிறார், தன்னை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பார் என்பதையெல்லாம் ஒரு நொடியில் கணித்து, அதற்கேற்ற பதில் வெளியே வருகிறது. குடிபெயர்ந்து சிறுபான்மையாக வாழ்பவர்களின் அடையாளத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கணிப்பைத்தான். கேட்பவர், பார்ப்பவர், காதில் விழக்கூடியவர் எல்லோரையும் சேர்த்து இந்தக் கட்டுரையில் 'அவை' என்று குறிப்பிடுகிறோம்.

உணர்வு வேறு, வெளிப்பாடு வேறு

ஒருவர் மனத்துக்குள் தன்னை என்னவாக உணர்கிறார் என்பது ஒன்று. பிறர் முன்னால் எதைச் சொல்கிறார், எதை உடுத்துகிறார், எந்த மொழியில் பேசுகிறார் என்பது இன்னொன்று. தொடக்க நிலையில் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறவரைப் பார்த்து "தமிழை விட்டுட்டார்" என்பார்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா மேடையில் உணர்ச்சியோடு முழங்குகிறவரைப் பார்த்து, வீட்டிலும் தமிழ்தான் என்று முடிவு கட்டுவார்கள். இரண்டு முடிவுகளுமே ஒரே ஓர் அவையை மட்டும் பார்த்து எடுத்தவை.

வெளிப்பாடு எதற்காக? சமூக உளவியலாளர்கள் ஒலிவியே க்ளைன், ரஸ்ஸல் ஸ்பியர்ஸ், ஸ்டீபன் ரைக்கர் மூவரும் 2007இல் எழுதிய ஆய்வுரையில் இரண்டு நோக்கங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, "நான் இன்னார்" என்பதை அவை ஏற்றுக்கொள்ளச் செய்வது. மற்றொன்று, அவையை ஒரு செயலுக்குத் திரட்டுவது. புதிதாக நிரந்தரவாசம் பெற்ற ஒருவர் அடுக்குமாடிப் பக்கத்து வீட்டாரிடம் "நாங்களும் இங்கதான், பிள்ளை இந்த வட்டாரப் பள்ளியிலதான் படிக்குது" என்று சொல்வது முதல் வகை. சமூக மன்றத்தில் பொங்கல் விழாவுக்கு ஆள் சேர்க்கும்போது "நம்ம விழா, நாமதான் நடத்தணும்" என்பது இரண்டாம் வகை. பேசுகிறவர் ஒருவரே என்றாலும் நோக்கம் மாறும்போது தொனி மாறிவிடும்.

அவையில் யார் யார் இருக்கிறார்கள்?

மொழியியலாளர் ஆலன் பெல் நியூசிலாந்து வானொலியில் செய்த ஆய்வை 1984இல் விரிவான கோட்பாடாக வெளியிட்டார். வெலிங்டனில் ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு நிலையங்களுக்கும் அதே செய்தி வாசிப்பாளர்கள் வாசித்தார்கள். ஒன்று தேசிய நிலையம், மற்றது உள்ளூர் நேயர்களுக்கானது. வாசிப்பாளரும் தலைப்புகளும் இடமும் மாறவில்லை. ஆனால் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் 'ட்' ஒலியை அவர்கள் உச்சரித்த விதம் நிலையத்துக்கு நிலையம் மாறியது. மாறியது நேயர்கள் மட்டும்தான் என்பதால், மாற்றத்துக்குக் காரணம் அவர்களே என்று பெல் வாதிட்டார்.

அவையை அவர் அடுக்குகளாகப் பிரித்தார். நேராகப் பேசப்படுபவர் முதல் அடுக்கு. பேச்சில் சேர்ந்திருந்து கேட்பவர் அடுத்தது. பேச்சில் இல்லை, ஆனால் பக்கத்தில் இருப்பது தெரியும் என்ற நிலையில் உள்ளவர் மூன்றாவது. இருப்பதே தெரியாமல் ஒட்டுக்கேட்பவர் கடைசி. பேச்சின் மேல் செல்வாக்கு பொதுவாக இந்த வரிசையில் குறைந்துகொண்டே போகும்.

பொதுவாகத்தான். குடிபெயர்ந்த சிறுபான்மையினருக்கு மூன்றாவது அடுக்கு எதிர்பாராத அளவுக்குக் கனமாகிவிடுகிறது என்பது எங்கள் கருத்து. எம்ஆர்டி என்னும் நகர ரயிலின் பெட்டியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கேட்பவருக்குத் தமிழ் தெரியும். தமிழில் பேசினால் போதும். ஆனால் பெட்டி நிறைய மற்றவர்கள். "சத்தமா தமிழ் பேசறாங்க" என்று யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று குரல் இறங்குகிறது, ஆங்கிலச் சொற்கள் கூடுகின்றன, சில சமயம் பேச்சே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தப் பெட்டியில் ஒருவரும் அவர்களைக் கவனிக்காமலே இருந்திருக்கலாம். கவனிப்பார்கள் என்ற எண்ணமே போதும்.

அங்கே இல்லாத ஒருவரும் அவையில் உட்காரலாம் என்பது பெல்லின் கோட்பாட்டில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. பேசுகிறவர் மதிக்கும் ஒரு குழுவோ மனிதரோ எதிரே இல்லாதபோதும், அவர் முன்னிலையில் பேசுவதுபோலப் பேச்சு வளையும். தொலைபேசியில் அம்மாவிடம் பேசி முடித்த கையோடு அறை நண்பனிடம் திரும்பும் இளைஞனின் பேச்சில் சில நிமிடங்களுக்கு ஊர் வழக்கு தங்கியிருக்கும். தொழிலாளர் விடுதியில் கறி சாப்பிடலாமா கூடாதா என்று வெள்ளிக்கிழமை ஒருவர் தயங்குவதற்கு அறையில் இருக்கும் பன்னிரண்டு பேரில் யாரும் காரணமாக இருக்க மாட்டார்கள். ஊரில் இருக்கும் ஒருவர்தான் காரணமாக இருப்பார்.

இன்னொரு நுணுக்கம்: அவை என்பது ஆள் மட்டுமல்ல, அந்த ஆள் அந்நேரம் ஏற்றிருக்கும் பொறுப்பும்கூட. யான்-பெட்டர் ப்ளோம், ஜான் கம்பர்ஸ் இருவரும் வடக்கு நார்வேயின் ஓர் ஊரைப் பற்றி 1972இல் எழுதினார்கள். அங்கே நிர்வாக அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எழுத்தரிடம் குடும்ப நலத்தை வட்டார வழக்கில் விசாரிப்பார்கள், வந்த வேலையைப் பொதுமொழியில் பேசுவார்கள். எதிரே இருப்பவர் அதே எழுத்தர்தான். சிங்கப்பூரில் தமிழாசிரியையாக இருக்கும் அக்கம்பக்கத்து ஆன்ட்டியிடம் பெற்றோர் பேசுவதைக் கேளுங்கள். மகனின் மதிப்பெண்ணைப் பற்றி என்றால் "டீச்சர், அவன் எழுத்துப் பயிற்சி சரியா செய்யறதில்ல." மின்தூக்கிக்குள் போனதும், "சாப்டாச்சா ஆன்ட்டி?"

அவை எப்போதும் தன் பக்கம் இழுக்காது

எதிரே இருப்பவரைப் போலவே பேசத் தொடங்குவது எளிதில் கண்ணில் படும். ஊரில் 'காபி' என்றவர் இங்கே வந்த சில வாரங்களில் உணவங்காடியில் "கோப்பி ஓ" என்கிறார். பரோட்டா 'பராட்டா' ஆகிறது. பொட்டலம் கட்டித் தரச் சொல்ல "தாப்பாவ்" என்கிறார். ஹவர்ட் கைல்ஸ் 1970களில் வளர்த்தெடுத்த கோட்பாடு இதை நெருங்கிவருதல் என்கிறது.

விலகிப்போதலும் அதே கோட்பாட்டின் பகுதி. 1977இல் ரிச்சர்ட் பூரிஸும் கைல்ஸும் வெளியிட்ட சோதனையில், பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்குரிய வெல்ஷ் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தவர்களிடம் உயர்குடி ஆங்கில உச்சரிப்புள்ள ஒருவர் "சாகிற மொழியை எதற்காகப் படிக்கிறீர்கள்" என்ற பொருளில் கேள்வி எழுப்பினார். பதில் சொன்னவர்களின் ஆங்கிலத்தில் வெல்ஷ் வாடை கூடியது. ஹாங்காங்கில் யாங் குவோ-ஷூ, மைக்கேல் பாண்ட் இருவரும் 1980இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. இருமொழி தெரிந்த சீனர்களிடம் ஒரே கேள்வித்தாளைச் சிலருக்குச் சீனத்திலும் சிலருக்கு ஆங்கிலத்திலும் கொடுத்தபோது, ஆங்கிலத்தில் பதில் எழுதியவர்களே சீனப் பண்பாட்டின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ஆங்கிலத் தாள் ஓர் அயலவர் எதிரே நிற்பதுபோல வேலை செய்தது, அவர் முன்னால் தங்கள் இனத்தை உறுதிப்படுத்திக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 1982இல் அவர்களே தொடர்ந்து செய்த ஆய்வு, இந்த விளைவு எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே திசையில் வருவதில்லை என்று காட்டியது.

ஆகவே "வெளியார் முன்னால் அடையாளம் மங்கும், நம்மவர் முன்னால் பளிச்சிடும்" என்று விதி எழுதிவிட முடியாது. வெளியார் மரியாதையோடு கேட்டால் ஒரு விதம், இளக்காரமாகக் கேட்டால் வேறு விதம். நம்மவர் முன்னால் நிரூபிக்க வேண்டியதே இல்லை என்பதால் வேட்டியும் வெண்பாவும் வெளியே வராமலே போகலாம்.

சிங்கப்பூரில் இது ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது

இங்கே அடையாள அட்டையிலேயே இனம் பதிவாகிறது. 2011 முதல் இரட்டை இனமாகவும் பதிய முடியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. தமிழர், மலையாளி, பஞ்சாபியர், குஜராத்தியர், சிந்தியர் எல்லோரும் ஒரே 'இந்தியர்' கட்டத்துக்குள் அடங்குகிறார்கள். தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதால் தமிழருக்கு அரசின் முன்னால் பெயரும் இடமும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து நேற்று வந்தவருக்கு, இங்கே நான்கு தலைமுறையாக வாழும் தமிழரும் ஒருவகையில் வேறு அவைதான்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நடப்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இங்கே பிறந்தவர், புதிதாக வந்தவரின் தமிழை "ஊர்த் தமிழ்" என்பார். வந்தவர், இங்கே பிறந்தவரின் தமிழில் மலாய்ச் சொல்லைக் கண்டு திகைப்பார். சீனர் அல்லது மலாய்க்காரர் ஒருவர் வந்து மேசையில் சேர்ந்தவுடன் இருவரும் ஒரே "இந்தியர்" ஆகிவிடுவார்கள். அவர் எழுந்து போனதும் பழையபடி பிரிவார்கள். மூன்றாமவர் வந்தால் எல்லை நகர்கிறது. எல்லை இரத்தத்தில் இல்லை, உறவில் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது.

தமிழருக்குள்ளேயே எச்சரிக்கையோடு பதில் சொல்ல வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகும் "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று தோண்டிக்கொண்டே போவது. சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சுற்றுவழி என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சொல்ல விரும்பாதவர் பக்கத்துப் பெரிய ஊரின் பெயரோடு நிறுத்திக்கொள்வார்: "திருச்சிங்க." அதே ஆள் சீன நண்பரிடம் தன் கிராமத்தைக் கூகுள் வரைபடத்தில் வீடு வரைக்கும் காட்டுவார். நம்மவர் முன்னால் மறைப்பதும் வெளியார் முன்னால் திறப்பதும் நடக்கக்கூடியவை.

பொது விழாக்களிலும் இந்த ஏற்பாடு தெரியும். சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டு எல்லாச் சிங்கப்பூரர்களையும் மனத்தில் வைத்து அமைக்கப்படுகிறது. தைப்பூசத்தில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து, செட்டியார்கள் 1859இல் எழுப்பிய டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும்போது, அதே ஊர்வலத்துக்குப் பல அவைகள். முருகன், குடும்பம், சக பக்தர்கள், புகைப்படக் கருவியோடு நிற்கும் சுற்றுப்பயணிகள். வெளியார் கேட்டால் "கடவுளுக்கு நன்றி சொல்கிறோம்" என்ற ஒரு வரி. உறவினருக்குள் என்றால் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, எந்த ஆண்டு நேர்ந்துகொண்டது, எத்தனை நாள் விரதம் என்று விவரமாகப் போகும். வெளியாருக்காகத் தயாராகும் பண்பாட்டுக் காட்சியில் உணவும் உடையும் நடனமும் எளிதாக இடம்பிடிக்கின்றன. உட்பிரிவும் கருத்து மோதலும் வட்டார வேறுபாடும் உதிர்ந்துபோகின்றன. இது இழப்பு என்றே நாங்கள் கருதுகிறோம். அப்படிக் காட்டப்பட்டதையே முழு அடையாளம் என்று அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

எல்லா அவையும் ஒரே அறையில்

சமூக ஊடகத்தில் மேலாளர், மாமியார், பள்ளித் தோழி, விடுதி அறைக்காரர் எல்லோரும் ஒரே பதிவைப் பார்க்கிறார்கள். கல்யாணப் பந்தியில் எல்லா வரிசைக்கும் ஒரே இலை போட வேண்டிய நெருக்கடி இது. ஆலிஸ் மார்விக், டானா பாய்ட் இருவரும் 2011இல் டுவிட்டர் பயனர்களை ஆராய்ந்து இதைச் சூழல்களின் சரிவு என்று விளக்கினார்கள். நடைமுறையில் மக்கள் சில உத்திகளைக் கையாளுகிறார்கள். யாருக்கும் உறுத்தாத தீபாவளிப் படங்களோடு நிறுத்திக்கொள்வது, வாட்ஸ்அப் நிலைத்தகவலைச் சிலருக்கு மட்டும் திறப்பது, படத்துக்கு ஆங்கிலத்தில் பொதுவான வரி ஒன்றைப் போட்டு, கீழே தமிழில் நம்மவருக்கு மட்டும் பிடிபடும் வரி ஒன்றைச் சேர்ப்பது. மூன்றாவதுதான் மிகத் திறமையானது. ஒரே பதிவில் இரண்டு அவைக்கும் தனித்தனி இருக்கை கிடைத்துவிடுகிறது.

கவனிக்கவும் கேட்கவும் விரும்புகிறவர்களுக்கு

கல்லூரிச் செயல்திட்டமோ குடும்ப வரலாற்றுப் பதிவோ எதுவாக இருந்தாலும், ஒரே ஆளை ஒரே தலைப்பில் குறைந்தது இரண்டு அவைகளில் கவனியுங்கள். தலைப்பையும் மாற்றி அவையையும் மாற்றினால் எது எதை மாற்றியது என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் செய்யும் தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான். ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடப் பேச்சு போதும். யார் காதில் விழும் தூரத்தில் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுங்கள்.

பிறகு ஐந்தே விஷயங்கள்: எந்தப் பெயரைச் சொன்னார் (முழுப் பெயரா, சுருக்கமா), ஊரை எவ்வளவு நுணுக்கமாகச் சொன்னார், எந்த மொழி எவ்வளவு கலந்தது, எதிரே இருப்பவரை எப்படி அழைத்தார் (அண்ணே, அங்கிள், சார், பாஸ், மாப்ள), 'நாம' என்றாரா 'நாங்க' என்றாரா. கடைசியானது தமிழ் நமக்குத் தரும் அருமையான அளவுகோல். 'நாம' என்றால் கேட்பவரும் உள்ளே, 'நாங்க' என்றால் வெளியே. "நாங்க தமிழ்க்காரங்க" என்று தொடங்கியவர் பத்து நிமிடத்தில் "நாம தமிழ்க்காரங்க" என்று மாறினால், கேட்பவரை எந்த இடத்தில் உள்ளே சேர்த்தார் என்று பதிவிலிருந்து குறிக்கலாம். ஆங்கிலத்தில் நடந்த பேட்டியில் இந்தத் தடயம் கிடைக்காது.

கேள்வித்தாள் தயாரித்தால் பாதிப் பேருக்குத் தமிழிலும் பாதிப் பேருக்கு ஆங்கிலத்திலும் குலுக்கல் முறையில் கொடுங்கள். விரும்பிய மொழியை அவர்களே தேர்ந்தெடுக்க விட்டால், தமிழைத் தேர்ந்தவர்கள் ஏற்கெனவே வேறு வகையினராக இருப்பார்கள், ஒப்பீடு கெட்டுப்போகும். தமிழாக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லிச் சரிபாருங்கள். இருபது பேரை வைத்துச் செய்தால் அது பயிற்சி மட்டுமே. பத்துக்குப் பத்தில் தெரியும் வேறுபாட்டை நம்பி முடிவு எழுதக்கூடாது.

சிங்கப்பூரில் அடிக்கடி சறுக்கும் இடம் 'இந்தியர்' என்ற கட்டம். "இந்தியராக இருப்பதில் பெருமைப்படுகிறீர்களா?" என்று கேட்டால், இங்கே பிறந்தவர் அதை இனமாக எடுத்துக்கொள்வார், வந்தவர் நாடாக எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் 'ஆம்' போட்டாலும் அது ஒரே பதில் ஆகாது. குடியுரிமை, இனம், மொழி, சொந்த ஊர் நான்கையும் தனித்தனிக் கேள்விகளாக்குங்கள். வரிசையும் முக்கியம். குடியுரிமையை முதலில் கேட்டால், பின்னால் வரும் மொழிக் கேள்விக்கான பதிலிலும் அதன் நிழல் விழும். ஆகவே பாதித் தாள்களில் வரிசையைப் புரட்டிவிடுங்கள்.

பேட்டியில் அறைக்குள் இருக்கும் மூன்றாமவரை மறந்துவிடாதீர்கள். முதலாளி ஏற்பாடு செய்த இடத்தில் வேலை அனுமதிச் சீட்டில் வந்த தொழிலாளி "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பார். கணவர் பக்கத்தில் இருக்கும்போது மனைவி சொல்வதும் தனியாகச் சொல்வதும் மாறும். பிள்ளை மொழிபெயர்த்தால் பாட்டி பிள்ளைக்கு ஏற்றதையே சொல்வார். நீங்களும் ஓர் அவைதான். உங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் உங்களை 'இங்கத்தவர்' அல்லது 'ஊர்க்காரர்' என்று வகைப்படுத்திவிட்டுத்தான் பதிலையே தொடங்குவார்கள். முடிந்தால் இரண்டு வகைப் பேட்டியாளர்களையும் பயன்படுத்துங்கள்.

இதையெல்லாம் உத்தி, தந்திரம் என்று மட்டும் படித்துவிட வேண்டாம். பெரும்பகுதி பழக்கம், பேசுகிறவருக்கே தெரியாமல் நடப்பது. எல்லோருக்கும் ஒரே அளவு தெரிவும் இல்லை. எம்ப்ளாய்மெண்ட் பாஸில் (நிபுணர்களுக்கான வேலை அனுமதி) வந்த பொறியாளர் எந்த அவையில் எப்படித் தோன்றுவது என்று ஓரளவு தேர்ந்துகொள்ளலாம். கட்டுமானத் தளச் சீருடையில் பேருந்தில் ஏறுகிறவரை அவர் வாய் திறக்கும் முன்பே அவை வகைப்படுத்திவிடுகிறது. வாடகை அறைக்காகத் தொலைபேசியில் பேசும்போது பெயரைச் சொன்ன நொடியில் குரல் மாறுவதைப் பலர் அறிவார்கள். 'இந்தியருக்கு இல்லை' என்ற வரி வாடகை விளம்பரங்களில் சர்ச்சையானதும் இங்கே நடந்ததுதான். அப்படிப்பட்ட இடத்தில் பெயரைச் சுருக்கிச் சொல்வதைப் பொய் என்று எழுதும் குறிப்பேடு அநியாயமானது.

முடிவை எழுதும்போது வாக்கியத்திலேயே அவையைச் சேர்த்துவிடுங்கள். "பெரும்பாலோர் தங்களைச் சிங்கப்பூரராகவே உணர்கிறார்கள்" என்று எழுதாமல், "சமூக மன்ற அறையில், உள்ளூர்த் தமிழ்ப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டபோது, பெரும்பாலோர் தங்களைச் சிங்கப்பூரர் என்று சொன்னார்கள்" என்று எழுதுங்கள். வாக்கியம் நீளும்தான். ஆனால் படிப்பவர், அதே கேள்வியைத் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு ஊர்க்காரர் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று தானே கேட்டுக்கொள்ள அது வழி விடும்.